தடைக்காலத்துக் காதலும் விசுவாசமும்: எதிர்கால நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு கையேடு

கிறிஸ்தவ விசுவாசம் சட்டப்படி குற்றமாகிவிட்ட ஒரு எதிர்கால நாடு. அங்கே ஒருவரையொருவர் விரும்பக் கூடாத இருவர். இந்தக் கருவில் எழுதப்படும் கதைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன. ஒரு அத்தியாயம் முழுக்கச் சோதனை, கைது, விசாரணை; அடுத்த அத்தியாயம் முழுக்கக் காதல். காதலை உருவி எடுத்தாலும் மீதிக் கதை அப்படியே நிற்கும். விசுவாசத்தை உருவினாலும் காதல் நிற்கும். அப்படி நின்றால் கதை இன்னும் கைக்கு வரவில்லை.

கதையின் முக்கியமான ஒவ்வொரு செயலும் ஒரே நேரத்தில் இரண்டு குற்றமாக இருக்கும்படி அமைப்பதுதான் இதற்கு வழி. ஜெபித்ததற்கும் நேசித்ததற்கும் சேர்த்து ஒரே செயலுக்குத் தண்டனை வர வேண்டும். அதற்கான அடித்தளத்தை முதல் வரி எழுதுவதற்கு முன்பே போட்டாக வேண்டும்.

சட்டத்தை முதலில் எழுதுங்கள்

அந்த நாட்டின் சட்டத்தை ஒரு பக்க அளவில் அரசாணை நடையில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். நாவலில் அது வர வேண்டியதில்லை. எது தடை, யார் கண்காணிக்கிறார்கள், பிடிபட்டால் என்ன தண்டனை, காட்டிக்கொடுத்தால் என்ன கிடைக்கும், விடுபட என்ன செய்ய வேண்டும் என்று ஐந்து கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும். ஐந்தாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். "கிறிஸ்தவர் என்றால் மரணம்" என்பதோடு சட்டம் முடிந்துவிட்டால் பாத்திரத்துக்கு முடிவெடுக்க ஒன்றுமே இருக்காது. பிடிபடுவாரா மாட்டாரா என்ற துரத்தல் மட்டும் மிஞ்சும்.

துன்புறுத்திய அரசுகள் பலவும் பிணத்தைவிட மறுதலிப்பையே, அதாவது விசுவாசத்தைக் கைவிடுவதையே, அதிகம் விரும்பின. கி.பி. 250-இல் ரோமப் பேரரசர் டேசியஸின் ஆணைப்படி குடிமக்கள் தேவர்களுக்குப் பலியிட்டு, பலிப்பொருளைச் சுவைத்து, அதற்கு ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். எகிப்தின் மணலில் அப்படிப்பட்ட சான்றிதழ்கள் 40-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் மனுதாரரின் வயது 72 என்றும், வலது புருவத்தில் தழும்பு உண்டு என்றும் எழுதியிருக்கிறது. "நான் எப்போதும் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் செய்தேன், கையொப்பமிட்டுத் தாருங்கள்" என்பதுதான் சாரம். எவ்வளவு சாதாரணமான அலுவலகத் தாள் என்று பாருங்கள். பயம் இந்தச் சாதாரணத்திலிருந்துதான் வர வேண்டும்.

அந்தக் காலத்தில் வேறொரு கூட்டமும் இருந்தது. பலியிடாமலே, பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டவர்கள். இவர்களை என்ன செய்வது என்று கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் பெரிதும் போராட வேண்டியிருந்தது. நாவலாசிரியருக்கு இது பெரிய கொடை. சாவு, துரோகம் என்ற இரண்டு கதவுகளுக்கு நடுவே "கையூட்டுக் கொடுத்து வாங்கிய பொய்த்தாள்" என்ற மூன்றாவது கதவைத் திறந்து வையுங்கள். உங்கள் காதலர்களில் ஒருவர் மற்றவருக்கே தெரியாமல் அவருக்காக அந்தத் தாளை வாங்கி வரட்டும். அதை வைத்துக்கொள்வதா கிழிப்பதா என்ற சண்டை எழுதத் தகுந்த காதல் காட்சி.

சன்மானத்தையும் தொகையாகக் குறியுங்கள். 1682-இல் ஜப்பானில் பொது இடங்களில் நட்ட அறிவிப்புப் பலகைகள் பாதிரியாரைக் காட்டிக்கொடுத்தால் 500 வெள்ளி, துறவறச் சகோதரரைக் காட்டிக்கொடுத்தால் 300 வெள்ளி என்று விலை சொல்லின. உங்கள் நாட்டில் அது எத்தனை மாத ரேஷன்? எந்தக் குடியிருப்பில் வீடு? அண்டை வீட்டுக்காரருக்கு அந்தத் தொகை எதற்குத் தேவைப்படுகிறது என்பது தெரியும்வரை அவரைக் காட்டிக்கொடுப்பவராக எழுதாதீர்கள்.

நெற்றியிலோ கையிலோ பதிக்கும் சில்லு, மூன்று இலக்க எண் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரத்தை வாசித்தவர் அதை முதல் பக்கத்திலேயே எதிர்பார்ப்பார். வாங்கவும் விற்கவும் முடியாமல் போவதுதான் அங்கே முக்கியம். ஆண்டுக்கு ஒரு முறை ரேஷன் செயலியில் "எனக்கு எந்த மதப்பற்றும் இல்லை" என்ற கட்டத்தைத் தொட்டால்தான் கணக்கு புதுப்பிக்கப்படும் என்று வைத்தாலே போதும். ஒரு விரல் தொடுகை. யாரும் பார்க்கவில்லை. அடுத்த அறையில் குழந்தை பசியோடு இருக்கிறது.

ஒரே கருவி, இரண்டு தடை

விசுவாசத்தைத் தடுக்கும் அதே கருவி காதலையும் தடுக்க வேண்டும். வரலாற்றில் இதற்கு ஆயத்தமான மாதிரிகள் உண்டு.

நாட்காட்டி ஒன்று. சோவியத் ஒன்றியம் 1929-இல் ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துவிட்டது. இயந்திரங்கள் நிற்காமல் ஓட வேண்டும் என்பது காரணம். ஞாயிறு ஆராதனை நொறுங்கியது விளைவு. தொழிலாளர்கள் ஐந்து பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம், ஐந்து நாளைக்கு ஒரு முறை ஓய்வு. கணவன் ஒரு நிறம், மனைவி வேறொரு நிறம் என்றால் இருவரும் சேர்ந்து வீட்டில் இருக்கும் நாளே கிடையாது. குடும்பங்கள் கடுமையாக முறையிட்டன. 1931-இல் இது ஆறு நாள் வாரமாக மாறியது. ஏழு நாள் வாரம் திரும்பியது 1940-இல்தான்.

இதை அப்படியே எடுத்து வேலை செய்யலாம். உங்கள் கதாநாயகிக்குப் பச்சை, அவனுக்கு மஞ்சள். இருவருக்கும் பொதுவான நாள் இல்லை. சபை பழைய ஞாயிற்றுக்கிழமையை ரகசியமாக எண்ணிக்கொண்டே வருகிறது. ஒரு பழைய ஞாயிறு அவளுடைய ஓய்வு நாளில் விழுவது 35 நாளைக்கு ஒரு முறை (ஐந்து பெருக்கல் ஏழு). அன்று அவனுக்கு வேலை. அவளைப் பார்க்க அவன் வேலைக்கு வராமலிருந்தால் அந்த ஒரு செயலில் ஆராதனைக் குற்றமும் இருக்கிறது, காதல் குற்றமும் இருக்கிறது. இந்த எண்ணிக்கையை நாவல் முழுவதும் பிசகாமல் கொண்டுபோங்கள். முதல் அத்தியாயத்தின் நாளைக் குறித்து, ஒவ்வொரு காட்சிக்கும் அரசு நாள், பழைய கிழமை, இருவரின் நிறம் என்று ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள். வாசகர்களில் ஒருவராவது எண்ணிப் பார்ப்பார்.

பதிவேடு இன்னொன்று. பிரான்சில் 1685-இல் புராட்டஸ்டண்ட் வழிபாடு தடைசெய்யப்பட்ட பிறகு, புராட்டஸ்டண்ட் போதகர் நடத்திய திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணமே இல்லை. பிள்ளைகள் முறைகேடாகப் பிறந்தவர்களாகக் கருதப்பட்டார்கள். 1787-இல்தான் அவர்களுக்குக் குடிமைப் பதிவு கிடைத்தது. நூறு ஆண்டுக்கும் மேலாக ஒரு சமுதாயமே காகிதத்தில் மணமாகாமல் வாழ்ந்தது. அந்தக் காலத்து மரி துரான் 1730-இல், திருமணமாகிக் கொஞ்ச காலத்திலேயே பிடிக்கப்பட்டார். கணவர் ஒரு கோட்டையில், அவர் எக்மோர்த்தின் கான்ஸ்டன்ஸ் கோபுரத்தில். அண்ணன் ரகசியப் போதகர்; 1732-இல் தூக்கிலிடப்பட்டார். மரி வெளியே வந்தது 1768-இல், 38 ஆண்டுகள் கழித்து. மறுதலிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முன்பே வந்திருக்கலாம்.

பெயரும் அப்படிப்பட்ட கருவிதான். அல்பேனியா 1967-இல் தன்னை நாத்திக நாடாக அறிவித்தது. 1975-இல் அரசின் கொள்கைக்குப் பொருந்தாத பெயர்களை மாற்றச் சொல்லி ஆணை பிறப்பித்தது. ஆக, ஞானஸ்நானப் பெயரே குற்றம். அந்தப் பெயரை ஒருவருக்குச் சொல்வது என்றால் தன் உயிரை அவர் கையில் கொடுப்பது. கீழே ரேஷன் வரிசையில் ஒரு சிறு மாதிரி:

"உங்க பேரைக் கேட்டா என்னன்னு சொல்லட்டும்?"

"கதிர்னு சொல்லு."

"அது அட்டையில இருக்கிற பேரு."

அவன் வரிசையின் முன்பக்கம் பார்த்தான். ஐந்து பேர் நின்றார்கள். ஐந்தாமவர் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"தானியேல்."

அவள் தலையசைக்கவில்லை. அட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "பிடிச்சாங்கன்னா இனி இதையும் சேத்து மறைக்கணும்," என்றாள்.

காதல் என்ற சொல் எங்கும் வரவில்லை. வரவும் கூடாது. "இதையும் சேத்து" என்பதிலேயே அவள் சம்மதம் இருக்கிறது. அடுத்து அவன் அவள் பெயரைக் கேட்கலாம். அதை உடனே கொடுத்துவிடாமல் நூறு பக்கம் தள்ளிப் போடுங்கள்.

இந்தக் காதல் ஏன் கூடாது

அரசு மட்டுமே எதிரி என்றால் காதல் எளிதாகிவிடும். வாசகர் முழுக்க அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார், மனசாட்சிக்கு வேலையில்லை. உள்ளிருந்தும் ஒரு தடை வேண்டும், அந்தத் தடை நியாயமானதாகவும் இருக்க வேண்டும்.

அதிகம் எழுதப்படுவது, விசுவாசியான பெண்ணும் கண்காணிப்புத் துறை ஆணும். அதிகம் தோற்பதும் இதுதான். அவன் அவளுக்காக மனம் மாறுகிறான், துப்பாக்கியைத் தூக்கி எறிகிறான், இருவரும் எல்லையைத் தாண்டுகிறார்கள். விசுவாசம் இங்கே காதலுக்குக் கொடுத்த பரிசாகிவிடுகிறது. இதையே எழுத வேண்டுமென்றால் அவனுக்கு ஒரு மேசை கொடுங்கள். அவன் சுடுகிறவனாக இருக்க வேண்டாம். மின்கட்டணப் பதிவுகளில் வழக்கத்துக்கு மாறான பயன்பாட்டைத் தேடுகிறவனாக இருக்கட்டும். அவள் இருக்கும் கட்டடத்தின் பதிவை அவன் ஒரு முறை திருத்தினால், அந்தத் தவறை ஈடுகட்ட வேறொரு கட்டடத்தைக் காட்ட வேண்டியிருக்கும். அங்கே பிடிபடுகிறவர்கள் யார்? அவளுக்கு அது தெரியவரும்போது அவளால் அவனோடு சேர்ந்து ஜெபிக்க முடியுமா? மனமாற்றம் வேண்டுமானால் இதற்குப் பிறகு வரட்டும். அவள் அவனை விட்டு விலகிய பின்னும் அவன் விசுவாசத்தில் நிற்கிறானா என்பதுதான் சோதனை.

விசுவாசிக்கும் விசுவாசம் இல்லாதவருக்கும் இடையிலான காதலில், சபைக்குள்ளேயே வேதத்தை வைத்து வாதிட இடமிருக்கிறது. அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதிருங்கள் என்று பவுல் 2 கொரிந்தியர் 6-இல் எழுதுகிறார். 1 கொரிந்தியர் 7-இலோ, விசுவாசியல்லாத துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் விட்டுவிட வேண்டாம் என்கிறார். ஒரு மூப்பர் முதல் வசனத்தைப் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் இரண்டாவதை. இருவருமே அன்புள்ளவர்களாக, இருவருமே பயந்தவர்களாக இருக்கட்டும். "அந்தப் பையன் நல்லவனா இருக்கலாம். ஆனா அவன் வீட்டுக்கு நம்ம ஒன்பது பேரோட முகமும் தெரியவரும்" என்று மூப்பர் சொன்னால் அவரை யார் குற்றம் சொல்ல முடியும்?

யாரும் அதிகம் தொடாத வகை, இருவருமே விசுவாசிகளாக இருப்பது. இதில்தான் எனக்கு அதிக நம்பிக்கை. கொரியாவில் யி சுன்-இ லுத்கார்தா, யூ ஜுங்-சோல் யோவான் என்ற தம்பதி 1797-இல் மணம் செய்துகொண்டார்கள். இருவருமே கடவுளுக்கென்று கன்னிமை காக்க விரும்பியவர்கள். மணமாகாமல் வாழ அந்தச் சமூகம் விடாது என்பதால் கணவன் மனைவியாக வெளியில் வாழ்ந்து, உள்ளே உடன்பிறந்தவர்களைப் போல இருந்தார்கள். 1801-இல் தொடங்கிய துன்புறுத்தலில் இருவரும் கொல்லப்பட்டார்கள். சிறையிலிருந்து லுத்கார்தா தாய்க்கும் சகோதரிகளுக்கும் எழுதிய கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. 2014-இல் இருவரும் முத்திப்பேறு பெற்றவர்களாக (புனிதர் நிலைக்கு முந்தைய படி) அறிவிக்கப்பட்டார்கள். வாக்கு கொடுத்துவிட்ட இருவருக்கிடையே உண்மையான ஆசை வந்தால் என்ன ஆகும் என்பதை மரியாதையோடு எழுத முடிந்தவருக்கு இது பெரிய களம்.

எந்தச் சபை?

பொதுவான "கிறிஸ்தவர்கள்" என்று எழுதினால் கதைக்கு உடல் வராது. சபைப் பிரிவைத் தீர்மானியுங்கள். ரகசிய வாழ்வின் தேவைகள் அதற்கேற்ப மாறும்.

கத்தோலிக்கருக்குக் குரு இல்லாமல் திருப்பலி இல்லை. கோதுமை அப்பமும் திராட்சை இரசமும் வேண்டும். வியட்நாமில் 1975 முதல் 13 ஆண்டுகள் அடைபட்டிருந்த ஆயர் வான் துவான், வயிற்று மருந்து என்ற பெயரில் உள்ளே வந்த இரசத்தில் மூன்று துளியும் தண்ணீரில் ஒரு துளியும் உள்ளங்கையில் விட்டுப் பலி நிறைவேற்றினார். இந்த அளவு நுணுக்கம் உங்கள் பக்கத்திலும் இருக்க வேண்டும். திருமுழுக்கை மட்டும், அவசரத்தில், சரியான நோக்கத்தோடு யாரும் கொடுக்கலாம். ஜப்பானில் தடை 1614 முதல் 1873 வரை நீடித்தது. அதில் பெரும்பகுதிக் காலம் குருக்களே இல்லாமல், ஞானஸ்நானம் கொடுக்கும் பொறுப்பு ஒருவருக்கு, திருநாள் கணக்கை வைத்திருக்கும் பொறுப்பு இன்னொருவருக்கு என்று பங்கிட்டுத்தான் அந்த மக்கள் விசுவாசத்தைக் காத்தார்கள். இந்தப் பொறுப்புகளை உங்கள் காதலர்களுக்குக் கொடுங்கள். கணக்கு வைத்திருப்பவள் கைதானால் சபைக்கு ஈஸ்டர் எப்போது என்றே தெரியாது.

புராட்டஸ்டண்ட் சபைக்கு வேதபுத்தகமும் பாட்டும்தான் முதுகெலும்பு. பெந்தெகொஸ்தே சபைக்குச் சத்தம். மெல்லிய சுவர் உள்ள அடுக்ககத்தில் அந்நிய பாஷை பேசிப் பழகியவர் வாயைப் பொத்திக்கொண்டு ஜெபிப்பதை எழுதினாலே ஒரு அத்தியாயம் தேறும்.

உரையாடலிலும் இது தெரிய வேண்டும். ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் "பூசை"யும் அடுத்த பக்கத்தில் "இராப்போஜனமும்" சொன்னால் விசுவாசியான வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். கர்த்தர், சபை, போதகர், ஞானஸ்நானம் ஒரு வீட்டுச் சொற்கள். ஆண்டவர், திருச்சபை, சாமியார், திருமுழுக்கு இன்னொரு வீட்டுச் சொற்கள். காதலர்கள் இரண்டு வீட்டிலிருந்தும் வந்தவர்கள் என்றால் அதைக் கதையாக்குங்கள். அமைதியான காலத்தில் சம்பந்தம் பேசவே தயங்கியிருக்கும் இரண்டு குடும்பங்களை ஒரே நிலவறைக்குத் துரத்தியிருக்கிறது அரசு.

ரகசியக் கூடுகை: செயல்முறை

பேரரசர் டிராஜனுக்கு ஆளுநர் பிளினி கி.பி. 112 வாக்கில் எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடிப் பாடினார்கள் என்று வருகிறது. விடியுமுன் என்பது கதைக்கும் நல்ல நேரம். வேலைக்குப் போகிறவர்கள் நடமாட ஆரம்பித்திருப்பார்கள், ஆனால் கேமராவுக்கு இன்னும் நல்ல வெளிச்சம் இருக்காது.

எண்ணிக்கையை ஒன்பதுக்கு மேல் ஏற்ற வேண்டாம். வாசகரால் அதற்கு மேல் முகங்களை நினைவில் வைக்க முடியாது, சிறிய அறையிலும் அதற்கு மேல் அடங்காது. பத்து நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக வந்தால் ஒன்பது பேருக்கு 80 நிமிடம் பிடிக்கும். கலைவதற்கும் அதே அளவு. கூடுகை 40 நிமிடம்தான் என்றாலும் முதலில் வந்தவர் கடைசியில் போனால் மூன்று மணி நேரத்துக்கும் மேல் அந்த வீட்டில் இருக்கிறார். யார் முதலில் வந்து கடைசியில் போகிறார்கள்? காதலர்களை அந்த இடத்தில் வையுங்கள். மற்றவர்கள் வருமுன் பத்து நிமிடமும் போன பின் பத்து நிமிடமும் மட்டும் அவர்களுடையவை.

எழுத்தாளர்கள் அதிகம் சறுக்குவது கைபேசியில். எல்லோரும் கைபேசியை அணைத்துவிட்டு வருகிறார்கள் என்று எழுதாதீர்கள். ஒரே பகுதியில், ஒரே நேரத்தில், ஒன்பது கைபேசிகள் அணைவதே கணினிக்கு அறிவிப்பு. அவை வீட்டிலேயே, ஒளிர்ந்தபடி, வழக்கமான பாட்டை ஒலித்தபடி இருக்க வேண்டும். பிறகும் பிரச்சினை உண்டு: தூங்கும் நேரம் என்று கணினி நினைக்கும்போது வீட்டுக் கதவு திறந்த பதிவு. அதற்கு வேலை மாற்று நேரமோ நோயாளித் தாயோ காரணமாக வேண்டும். எப்போதும் ஒரு ஓட்டை மிஞ்சட்டும். அந்த ஓட்டை வழியாகத்தான் கைது வரும். அதை முப்பது பக்கம் முன்பே வாசகர் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள்.

சோதனைக் காட்சிக்குப் பொருட்பட்டியல் போல வலுவானது வேறில்லை. கி.பி. 303 மே 19-இல் வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரச் சபையில் அதிகாரிகள் எடுத்த பட்டியல் இன்றும் இருக்கிறது: 2 பொன் கிண்ணம், 6 வெள்ளிக் கிண்ணம், பெண்களின் அங்கிகள் 82, பெண்களின் காலணிகள் 47 சோடி. அந்தத் துணியும் செருப்பும் ஏழைகளுக்குக் கொடுக்க வைத்திருந்தவை என்றே பொதுவாகக் கருதுகிறார்கள். பட்டியல் எழுதிய எழுத்தர் தனக்கே தெரியாமல் அந்தச் சபையின் அன்பைப் பதிவு செய்துவிட்டார். உங்கள் சோதனைக் காட்சியையும் பெயர், எண்ணிக்கை என்று ஒரு அலுவலரின் பதிவாக எழுதிப் பாருங்கள். பட்டியலின் நடுவே, கதாநாயகி அவனுக்காகத் தைத்துக்கொண்டிருந்த சட்டை "ஆண் மேற்சட்டை, முடிக்கப்படாதது, 1" என்று வரட்டும்.

வேதபுத்தகத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் சபையும் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது அளவு தெரிந்திருக்க வேண்டும். பிலிப்பியர் 4 அதிகாரம், 104 வசனம். ரூத் 4 அதிகாரம், 85 வசனம். உன்னதப்பாட்டு 8 அதிகாரம், 117 வசனம். நாளுக்கு மூன்று வசனம் என்றால் ரூத்துக்கு ஒரு மாதம் ஆகும். பிலிப்பியரின் முதல் இரண்டு அதிகாரம் அவனிடம், பின் இரண்டும் அவளிடம் என்று பிரித்துவிடுங்கள். இருவரும் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கச் சந்திக்க வேண்டும். அதைச் சபையே ஏற்பாடு செய்கிறது. சபையே அறியாமல் காதலுக்கு வழி திறந்ததாகிறது. அவன் கைதாகும் நாளில் அவளுக்கு இரண்டாம் அதிகாரத்தின் பாதிதான் வந்திருக்கிறது.

திருமணம்

கத்தோலிக்கர் என்றால் சட்டமே உதவுகிறது. 1983 திருச்சபைச் சட்டத்தின் 1116-ஆம் விதிப்படி, சாவு ஆபத்து இருந்தாலோ, திருமணத்தை நடத்தி வைக்க உரியவர் ஒரு மாதத்துக்குக் கிடைக்க மாட்டார் என்று தெரிந்தாலோ, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் மட்டுமே செய்யும் திருமணம் செல்லும். காட்சியை இப்படிக் கட்டுங்கள்: நால்வர், ஐந்து நிமிடம், ஒருவருக்கொருவர் சொல்லும் சம்மதம். மோதிரம் வேண்டாம், கையில் அடையாளம் பதிந்துவிடும். பூ வேண்டாம், வாங்கிய பதிவு இருக்கும். காட்சி நீண்டால் பொய்யாகும்.

பிரச்சினை பிறகுதான். இது எங்கே எழுதப்படுகிறது? எழுதினால் நான்கு பேருக்கும் ஆபத்து. எழுதாவிட்டால், சாட்சிகள் இருவரும் இறந்துபோனால் அவர்கள் மணமானவர்கள் என்று அறிந்தவர் யாருமில்லை. எனவே சாட்சிகளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் வயதானவராகவும் மற்றவர் பின்னர் மறுதலிக்கப் போகிறவராகவும் இருந்தால் பின்பகுதி தானே ஓடும்.

விசாரணையும் அதற்குப் பிறகும்

விசாரணை அதிகாரி இறையியல் பேச மாட்டார். அவருக்கு வேண்டியது பெயர்கள். பிளினி மூன்று முறை கேட்டார். தாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்று மறுத்தவர்கள் பேரரசரின் உருவத்துக்குத் தூபமும் இரசமும் படைத்துக் கிறிஸ்துவைச் சபித்தால் விட்டுவிட்டார். எளிய செயல்முறை. உங்கள் அதிகாரிக்கும் மூன்று கேள்வி கொடுத்து, மூன்றாவது கேள்வியில் காதலியை நுழையுங்கள்: "நீங்கள் எதையும் மறுதலிக்க வேண்டாம். அவருக்கும் உங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று மட்டும் எழுதித் தாருங்கள். அவரை விட்டுவிடுகிறோம்." அவன் எழுதினால் அவள் பிழைப்பாள், அவர்கள் செய்த உடன்படிக்கை பொய்யாகும். இரத்தம் ஒரு துளிகூட வேண்டாம். வதையை விரித்து எழுதும் பக்கங்களில் வாசகர் கண்ணை மூடிக்கொள்வார், தீர்மானத்தைத் தவறவிடுவார்.

நாவலின் மூன்றில் ஒரு பங்கை மறுதலிப்புக்குப் பிறகான காலத்துக்கு ஒதுக்குங்கள். டேசியஸ் காலத்தில் மறுதலித்து விழுந்தவர்களை மீண்டும் சேர்ப்பதா என்ற கேள்வியில் சபை பிளந்தது. 303-இல் வேதபுத்தகங்களை ஒப்படைத்தவர்கள் பற்றிய சண்டை வட ஆப்பிரிக்காவில் நூறு ஆண்டுக்கும் மேல் நீடித்தது. ஜப்பானில் கிறிஸ்துவின் உருவம் பதித்த பலகையை மிதித்துவிட்டு வந்தவர்கள் வீட்டில் மனஸ்தாப ஜெபம் சொன்னார்கள். அடுத்த ஆண்டும் மிதித்தார்கள், அடுத்த ஆண்டும் ஜெபித்தார்கள். விடுதலையான காதலன் சபையின் கதவைத் தட்டும்போது, அவனால் பிள்ளையை இழந்த தாய் கதவைத் திறக்கட்டும். இந்தக் காட்சியை எழுதாமல் நாவலை முடிக்காதீர்கள்.

கடவுள் எந்த அளவுக்குத் தலையிடலாம்? அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரம் நல்ல அளவுகோல். ஒரே அதிகாரத்தில் யாக்கோபு வாளால் கொல்லப்படுகிறார், பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து நடத்திக்கொண்டு போகிறான். ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று விளக்கம் கொடுக்கப்படவில்லை. உங்கள் நாவலில் ஒரு அதிசயத் தப்பித்தல் இருந்தால், பக்கத்திலேயே தப்பிக்காத ஒருவர் இருக்க வேண்டும். விளக்கம் சொல்லும் பிரசங்கியை அங்கே நுழைக்க வேண்டாம்.

எங்கே நிறுத்துவது

ஆட்சி கவிழ்ந்து மணியோசை கேட்கும் முடிவுக்கு ஆசை வரும். நாகசாகியின் ஔரா ஆலயத்தில் 1865 மார்ச் 17-இல் ஊராகாமி ஊர்க்காரர்கள் சிலர் பிரெஞ்சுப் பாதிரியாரிடம் தங்கள் உள்ளமும் அவருடையதும் ஒன்றே என்று தெரிவித்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலான ரகசியம் வெளிவந்த நாள். ஆனால் 1867-இல் அதே ஊரார் கைதாகத் தொடங்கினார்கள், 3,000-க்கும் மேற்பட்டவர்கள் நாட்டின் பல மூலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். தடை நீங்கியது 1873-இல். நாவலை எந்த ஆண்டில் நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து அதே நிகழ்வுகள் மகிழ்ச்சியாகவும் பேரிழப்பாகவும் மாறும். இரண்டு வேறு தேதிகளில் கடைசி அத்தியாயத்தை எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

அச்சுக்குப் போகுமுன் இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுங்கள். ஒருவர் நீங்கள் தேர்ந்த சபையில் வளர்ந்தவர். ஜெபங்களும் பழக்கங்களும் சரியா என்று அவர் பார்க்கட்டும். இன்னொருவர் விசுவாசம் இல்லாதவர். உங்கள் பாத்திரங்கள் ஏன் ரேஷன் செயலியின் அந்தக் கட்டத்தைத் தொட மறுக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்ததா என்று மட்டும் கேளுங்கள். புரியவில்லை என்றால் பிரசங்கத்தைக் கூட்டாதீர்கள். அவர்களுக்கு அந்த விசுவாசத்தால் கிடைத்த மகிழ்ச்சியைக் காட்டும் ஒரு காட்சி முன்பகுதியில் குறைகிறது என்று பொருள்.

இன்று உண்மையிலேயே துன்பத்தில் இருப்பவர்களின் சாட்சியங்களிலிருந்து எதையாவது எடுத்திருந்தால் ஊர், தொழில், ஒளித்த முறை மூன்றையும் மாற்றிவிடுங்கள். வெளிவந்த நாவலை அவர்களைத் தேடுகிறவர்களும் வாசிக்கலாம்.